ஒரு தட்டு, இரண்டு தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் முடிவில் இரண்டு கேள்வி கேட்பேன். பதில் கதைக்குள்ளேயே கிடக்கிறது. அரைக்காதாகக் கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

தேனியில் சுருளியப்பன் என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. கஞ்சியைக் கெட்டியாக, நிதானமாக ஊட்ட வேண்டும், அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் இறங்கி உயிரே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்டவள் முத்தழகு. நோயாளிகளுக்குத் துணையிருப்பதுதான் அவள் பிழைப்பு. சுருளியப்பன் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவதைக் கவனித்தவள் அவள்தான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். வேலையில் இருந்த காலமெல்லாம் விசிலில் சொன்னதை மனிதர் இப்போது விரலால் சொல்கிறார். கூடவே இருந்த மகள் தமயந்தியும் இதைத் தெரிந்துகொண்டாள். ஓசூரிலிருந்து வந்து, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிய மகன் ராஜகுருவுக்கு இது தெரியாது.

அப்பா வீடு திரும்பினார். ராஜகுருவும் ஓசூரிலிருந்து மறுபடி வந்திருந்தான். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் தமயந்திக்கு லீவு தீர்ந்துவிட்டது. பகலில் யார் பார்த்துக்கொள்வது? அங்கேதான் அக்காளும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள்.

"முத்தழகே வரட்டும்டா. அப்பாவுக்குப் பழகின ஆளு."

"அவளுக்கு ஒண்ணுன்னா யாருக்கா வருவா? ஏஜென்சின்னா பயிற்சி எடுத்த பொண்ணு வரும். அது வரலேன்னா வேற ஆள அனுப்புவான். நான் போன்ல பேசி, சுகர், பிரஷர், மாத்திரைன்னு அவங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்."

"அப்ப என்னைக் கேக்கவே வேணாமா?"

கடைசியில் முத்தழகை ஒரு நாள், ஏஜென்சிப் பெண்ணை ஒரு நாள் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சுருளியப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

முதல் நாள் முத்தழகு வந்தாள். ராஜகுரு ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தான். கஞ்சி ஒரு பருக்கை சிந்தாமல் உள்ளே போயிற்று. மத்தியானம் சாப்பிட வந்த தமயந்தி, வாசல் கதவு வெளியே தாழ் போட்டிருப்பதைப் பார்த்துப் பதறினாள். உள்ளே அப்பா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிந்து, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தூக்கிப் படுக்கவைத்து முடிப்பதற்குள் முத்தழகு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எம் மக பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டான்னு போன் வந்துச்சுக்கா. ஐயாகிட்ட கேட்டுட்டுத்தான் போனேன். ரெண்டு தட்டு தட்டினாரு."

தமயந்திக்குத் தம்பி சொன்னதே நடந்துவிட்டதே என்று எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஏஜென்சியிலிருந்து ஜெபசெல்வி வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஆபீசுக்குக் கிளம்பிய தமயந்தியை வாசலில் நிறுத்தினாள்.

"அப்பாவைப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா மேடம்?"

"அதான் எல்லாத்தையும் என் தம்பி உங்க ஆபீஸ்ல சொல்லிட்டானாமே," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள் தமயந்தி.

ஜெபசெல்வி அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சியைக் கெட்டியாகவே ஊட்டினாள். அவசரப்படவில்லை. நடுவில் சுருளியப்பன் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். கை நடுக்கம் என்று நினைத்து விரல்களை மெல்லத் தடவிவிட்டாள். மறுபடியும் ஒரு தட்டு. அதற்குள் அடுத்த கரண்டி வாய்க்குள் போய்விட்டது. அவருக்குப் புரையேறிற்று, கண் செருகி, முகம் நீலம் பாரித்தது. பக்கத்தில் இருந்த ராஜகுரு அலறினானே தவிர அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெபசெல்விதான் அவரை முன்னால் சாய்த்து, முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டி, அடைத்ததை வெளியே கொண்டுவந்தாள். போன உயிர் திரும்பிற்று.

சாயங்காலம் ஜெபசெல்வி நடந்ததைச் சொன்னதும் வீடே ரணகளம்.

"தட்டினா நிறுத்தணும்னுகூடத் தெரியாத பொண்ணுகிட்டயா அப்பாவை விடுறது?" என்றாள் தமயந்தி.

"அந்தப் பொண்ணு இல்லேன்னா அப்பா இன்னிக்கு இல்ல. உன் முத்தழகு கதவைத் தாழ் போட்டுட்டுல்ல ஓடுனா!"

ஜெபசெல்வி தமயந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிலிலிருந்து ஒரு தட்டு கேட்டது. இருவரும் வாயை மூடினார்கள்.

இப்போது சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போன முத்தழகா, தெரியாமல் ஊட்டிய ஜெபசெல்வியா, போனிலேயே வேலையை முடித்த ராஜகுருவா, தமயந்தியா? சுருளியப்பன் உயிர் ஊசலாடியதில் பெரிய குற்றம் யாருடையது? இனி அவர் பக்கத்தில் யார் இருப்பது?

என் பதில் இது. முத்தழகு செய்தது தப்புத்தான். கண்டக்டர் போகலாம் என்று விசில் கொடுத்தாலும் ரோட்டைப் பார்த்து எடுக்க வேண்டியது டிரைவர். ஆனால் பெற்ற மகள் விழுந்தாள் என்றால் எந்தத் தாய்க்கும் கால் நிற்காது. அவளுக்குப் பதிலாக வந்து நிற்க ஒரு ஆள் இல்லாததுதான் அங்கே குறை. ஜெபசெல்வி வாசலிலேயே கேட்டாள். ராஜகுரு தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னான். தெரிந்திருந்தும், ஜெபசெல்வி கேட்டும், சொல்லாமல் போனவள் தமயந்தி ஒருத்திதான். தம்பி மேல் இருந்த கோபத்தை அப்பாவின் தொண்டையில் காட்டிவிட்டாள். பெரிய குற்றம் அவளுடையது. அதை அவளும் அன்றைக்கே உணர்ந்தாள். மறுநாள் காலையில் ஜெபசெல்வியைக் கட்டில் பக்கம் உட்காரவைத்து ஒரு தட்டையும் இரண்டு தட்டையும் சொல்லிக்கொடுத்தாள். நாளை இவளுக்குப் பதில் வேறு யார் வந்தாலும் நானே சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவேன் என்றாள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நான் யார்? அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. "இந்தப் பொண்ணே இருக்கட்டுமாப்பா?" என்று அன்றுதான் தமயந்தி கேட்டாள். சுருளியப்பன் மகளையே பார்த்தார். பிறகு இரண்டு தட்டுத் தட்டினார்.