பத்து வாளும் ஒரு மருத்துவச்சியும்

சிங்கமாறன் ஆண்ட நாட்டில் கரடிமலை என்று ஒரு மலை. அதன் உச்சியில் மொட்டையன் என்ற கொள்ளைக்காரன் உட்கார்ந்துகொண்டு, கீழே போகிற வணிகர்களை உரித்தெடுத்தான். மேலே போக ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏற முடியாது.

தளபதி இடிமுரசன் பத்து வாள்வீரர்களை அனுப்பினார். முதல் வெட்டு தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவனுக்கும் ஆசை. முட்டிமோதிக்கொண்டு ஓடினார்கள். மேலிருந்து அம்பு பறந்தது. தடுக்கக் கேடயமும் இல்லை, காயத்துக்குக் கட்டுப்போட ஆளும் இல்லை. மூன்றே பேர் உயிரோடு நொண்டிக்கொண்டு திரும்பினார்கள்.

தளபதி ஆழ்ந்து யோசித்தார். "வாளின் நீளம் போதவில்லை" என்றார்.

நீள வாளோடு இன்னும் பத்துப் பேர் போனார்கள். திரும்பியவர்கள் இரண்டே பேர்.

மூன்றாவது முறையும் அவர் சபையில் வாள்வீரர்களையே பொறுக்கத் தொடங்கியபோது, அமைச்சர் அம்பலவனுக்கு வாய் அடங்கவில்லை.

"அரசே, பத்துப் பேரும் மாப்பிள்ளையாகவே வந்து நின்றால் கல்யாணம் நடக்குமா? பந்தல் போட, சமைக்க யாராவது வேண்டாமா?"

"கேடயக்காரன் எத்தனை தலையை வெட்டுவான்? மருத்துவன் யாரைக் கொல்வான்?" என்று சீறினார் தளபதி.

"நம் அரண்மனை வைத்தியரை அப்படிக் குறைத்துப் பேசாதீர்கள்!" என்றார் அம்பலவன்.

சபை குலுங்கிச் சிரித்தது. தளபதிக்கு முகம் சிவந்தது.

"அப்படியானால் அமைச்சரே ஆள் பொறுக்கட்டும். அவரும் கூடவே ஏறட்டும். ஆனால் இடுப்பில் வாள் இல்லாத ஒருவரும் மலையில் கால் வைக்கக் கூடாது!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

 மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற உடம்பு அம்பலவனுக்கு.

மறுநாள் காலை ஆட்கள் வந்து நின்றார்கள். கதவளவு கேடயத்தோடு பல்லக்குத் தூக்கிகள் இருவர். வில்லாளிகள் ஐவர். அந்த மலையில் தேன் எடுக்கிறவன் ஒருவன். மருத்துவச்சி நங்கை. கடைசியில் அம்பலவன். பத்துப் பேர் இடுப்பிலும் வாள் தொங்கியது.

"இது என்ன கூத்து?" என்று கத்தினார் தளபதி.

"வாள் இருக்கவேண்டும் என்றீர்கள், இருக்கிறது. அதை உருவவும் வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே!"

அரசர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "போய் வாருங்கள்."

தேன்காரன் வழி காட்டினான். பல்லக்குத் தூக்கிகள் முன்னே போனார்கள். வந்த அம்பெல்லாம் கேடயத்தில் குத்தி நின்றது. அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வில்லாளிகள் பதில் சொன்னார்கள். ஒரே ஒரு அம்பு தப்பி வந்து அம்பலவன் தோளைக் கிழித்தது. "ஐயோ, அம்மா!" என்று அலறினார்.

நங்கை காயத்துக்குக் கட்டுப்போட்டு இறுக்கினாள். "பிள்ளை பெறுகிறவள்கூட இவ்வளவு கத்தமாட்டாள். வாயை மூடும் ஐயா!"

உச்சிப்பொழுதுக்குள் மொட்டையனிடம் அம்பு தீர்ந்தது. கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். ஏறிய பத்துப் பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

அரசர் சபையில் ஒரு தங்கக் காப்பை உயர்த்திக் காட்டினார். "கரடிமலையில் அதிகம் பேரைச் சாய்த்தவர் யாரோ, அவருக்கு இது!"

"இவர்கள் வாளை உருவவே இல்லையே! காப்பு யாருக்கும் கிடையாது" என்றார் தளபதி.

"இல்லை அரசே" என்றார் அம்பலவன், தோள்கட்டைத் தடவியபடி. "காப்பு தளபதிக்குத்தான் சேரவேண்டும்."

இடிமுரசன் முகம் மலர்ந்தது.

"மொத்தம் பதினைந்து பேர். அத்தனை பேரும் நம் ஆட்கள்."

சிரிக்க வாய் திறந்த அரசர் பாதியில் நிறுத்திக்கொண்டார். காப்பை நங்கையின் கையில் அவரே போட்டுவிட்டார். பிறகு ஒரு பல்லக்குத் தூக்கியிடமிருந்து அம்பு தைத்த கேடயத்தை வாங்கித் தளபதியிடம் நீட்டினார்.

"அடுத்த மலைக்கு நீர்தான் முன்னால் போகிறீர்."