சடையன் ஆறவிட்ட கள்ளி மடல்

மலைக்கு ஒரு மந்திரவாதி குடியிருந்த காலம் அது. மஞ்சமலை நாட்டில் ஆடு மேய்த்த சடையன், தன் மனைவி பவளாயியை மனுஷியாகக் கடைசியாகப் பார்த்தபோது அவள் ஊருணிக் கரையில் நிமிர்ந்து நின்றாள். கடைசி என்றுதான் ஊரே நினைத்தது.

கூகைநாதன் என்ற மந்திரவாதி ஊருணியைப் பிடித்துக்கொண்டு, தன் காலில் விழுகிறவர்களுக்கே தண்ணீர் என்றான். ஊர் விழுந்தது. பவளாயி விழவில்லை.

"தண்ணிக்குக் குனிவேன். உனக்கு எதுக்குக் குனியணும்?"

"வணங்காதவளே, முள்ளாகப் போ."

கோலை நீட்டினான். அவள் சப்பாத்திக் கள்ளியானாள். ஒரு மடலை வெட்டிச் சடையன் முன் எறிந்துவிட்டு, மீதியைச் சாம்பலாக்கினான்.

"இது வேர்விட்டுப் பழம் பழுத்தால் இவள் வருவாள், என் மந்திரம் போகும். அழுகினால் இவள் போனாள். உங்களை எனக்குத் தெரியுமடா. அன்பு வந்தால் குடம் குடமாக ஊற்றுவீர்கள்."

சடையன் வெட்டுவாயைப் பார்த்தான். ஈரப்புண். ஆட்டுக்குக் காயம்பட்டால் ஈரம் படாமல் ஆறவிடுவான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மடலை நிழலில் ஒரு பலகைமேல் வைத்தான்.

முதல் நாள் பக்கத்து வீட்டு இருளாயி குடத்தோடு வந்தாள். "பொண்டாட்டி வாடுறா. நீ குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, அண்ணே."

"புண்ணு ஆறட்டும், தங்கச்சி."

மூன்றாம் நாள் அரண்மனை வைத்தியர் பாலோடு வந்தார். "அரசர் அனுப்பியதப்பா. ஊற்று."

"புண்ணு ஆறட்டும், ஐயா."

ஏழாம் நாள் சுருங்கிப்போன மடலே பேசியது. "தாகமா இருக்குய்யா. ஒரு வாய் ஊத்து."

சடையன் குடத்தைத் தூக்கிப் போய் ஆடுகளுக்கு ஊற்றிவிட்டு வந்தான்.

"புண்ணு ஆறட்டும், பவளம்."

பத்தாம் நாள் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியது. மேட்டில் மணலும் சரளையும் கலந்து, இரண்டு விரல் ஆழம் ஊன்றி, சாயாமல் கல் முட்டுக் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து மெல்ல அசைத்துப் பார்த்தான். அசையவில்லை, வேர் பிடித்திருந்தது. அன்றுதான் முதல் தண்ணீர், ஒரு சிரட்டை. அப்புறம் மண் நன்றாகக் காய்ந்தால்தான் அடுத்த சிரட்டை. வெள்ளைப் பஞ்சுப் பூச்சி வந்தபோது ஈரத்துணியால் துடைத்தெடுத்தான். விரலெல்லாம் மயிரிழை போன்ற பூமுள் ஏறியது. மூன்று கோடையில் கள்ளி ஆள் உயரம் வந்தது. மஞ்சளாகப் பூத்தது. காய்த்தது. சிவந்தது.

பழம் பழுத்த காலையில் கள்ளி கள்ளியாகவே நிற்க, அதன் பக்கத்தில் பவளாயி நின்றாள். கூகைநாதனின் கோல் வெறும் கம்பாயிற்று. அதன் பட்டையை ஓர் ஆடு உரித்துத் தின்றது. அவன் மலையிறங்கிப் போனான்.

"வாய்விட்டுக் கேட்டும் ஊத்தலையே நீ," என்றாள் பவளாயி.

"கோவமா?"

"ஊத்தியிருந்தா கோவப்பட நான் ஏது? முன்னால நட. என் புருஷனை ஊர் பாக்கட்டும்."

சடையன் முன்னால் நடந்தான். ஊர் பார்த்தது. பிறகு ஆளுக்கொரு மடல் கேட்டு வாங்கி, பத்து நாள் ஆறவிட்டு நட்டார்கள்.

ஊருணியின் மூன்று பக்கமும் இப்போது சப்பாத்திக் கள்ளி வேலி. நான்காவது பக்கம் படித்துறை.