கொடுவாவின் முதுகில் முள் நின்ற கதை

மீன்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். ஆள் பிரித்தும் பார்த்தார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் போடுவார்கள். ஆற்று மீன்களுக்குத் தலைவர் விரால். கடல் மீன்களுக்குத் தலைவர் வஞ்சிரம். வருகிற மீனின் செதிலை இருவரும் நக்கிப் பார்ப்பார்கள். கரித்தால் கடல், கரிக்காவிட்டால் ஆறு. என்ன பெரிய கண்டுபிடிப்போ! நக்கி முடித்ததும் அவரவர் பக்கம் போய்விட வேண்டும். அந்த ஆண்டு, இனிமேல் கலப்பே கூடாதென்று முகத்துவாரத்தை மணலால் அடைத்துவிடவும் முடிவு செய்திருந்தார்கள்.

கொடுவா அப்போது முள் இல்லாத, சின்ன வாய்க்காரி. உப்புத் தண்ணீரில் முட்டையிட்டு, குஞ்சுகளை ஆற்றுக்குள் அனுப்பி வளர்ப்பாள். குஞ்சுகள் உள்ளே மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

விரால் தலைப்பக்கம் நக்கினார். "ச்சீ, கரிக்குது. நீ எங்க ஆள் இல்லம்மா."

வஞ்சிரம் வால்பக்கம் நக்கினார். "சப்புன்னு இருக்கு. எங்களுக்கும் வேணாம்."

"நான் யாரா வேணா இருந்துட்டுப் போறேன்யா. என் பிள்ளைங்க உள்ள இருக்கு. அதுங்க வெளிய வர்ற வரைக்கும் வழியை அடைக்காதீங்க."

"எந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லிட்டு அப்புறம் பேசு" என்றார் விரால்.

சொல்லிவிட்டு வாலைத் தட்டினார். இரண்டு பக்கத்து மீன்களும் மணலைத் தள்ளின. பொழுது சாய்வதற்குள் வழி அடைபட்டுவிட்டது. தாய் கடல்பக்கம், பிள்ளைகள் ஆற்றுப்பக்கம்.

சித்திரை வெயிலில் உள்ளே தண்ணீர் வற்றியது. "அம்மா, சுடுதும்மா" என்று குஞ்சுகள் கத்துவது மணல் தாண்டிக் கேட்டது. மூன்று நாள் கொடுவா வஞ்சிரத்திடம் கெஞ்சினாள். "ஐப்பசி மழை வரட்டும், பார்க்கலாம்" என்றார் அவர். அதற்கு ஆறு மாசம் கிடந்தது. பாவி!

நான்காம் நாள் அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. "உங்க நாக்கு அழுகிப் போகும்டா!" என்று கத்திக்கொண்டே மணலைக் கடித்துக் கடித்துத் துப்பினாள். வாய் கிழிந்து கண்ணுக்குப் பின்னால் வரை போனது. கண் தணலாய்ச் சிவந்தது. கடைசியில் முதுகைக் கொடுத்து முட்டினாள். மணல்மேட்டுக்குள் கிடந்த உடைந்த சிப்பிகள் முதுகில் குத்தி ஏறின. பிடுங்கிப் போடக்கூட அவள் நிற்கவில்லை. மேடு உடைந்து கடல் உள்ளே பாய்ந்தது.

பாதிக் குஞ்சுகள்தான் உயிரோடு இருந்தன.

விரால் ஓடி வந்தார். "சரிம்மா, உன்னை எங்க ஆளாவே சேர்த்துக்கறோம்." வஞ்சிரமும் பின்னாலேயே வந்து அதையே சொன்னார். வெட்கங்கெட்டவர்கள், மறுபடியும் நக்கிப் பார்க்கக் கிட்டே வேறு வந்தார்கள்.

"என் பிள்ளைங்க செத்துக் கிடக்குது. ஒருத்தனும் என்னைத் தொடக் கூடாது" என்று கொடுவா முதுகை நிமிர்த்தினாள். ஏறியிருந்த சிப்பி முனைகள் அத்தனையும் எழுந்து நின்றன.

அன்றைக்கு நின்ற முள்தான் இன்றும் கொடுவாவின் முதுகுத் துடுப்பில் நிற்கிறது. அன்றிலிருந்துதான் அவள் கடலிலும் இருக்கிறாள், ஆற்றிலும் ஏறுகிறாள், எவரிடமும் கேட்பதில்லை. வலையிலிருந்து எடுக்கும்போது கையைக் கிழித்தால் அவளைத் திட்டாதீர்கள். தொட வருகிற எந்தக் கையையும் அவள் இன்னும் நம்பவில்லை.