நரி வகுத்த பறவைக் குலம்

பறக்கத் தெரியாத நான்கு பறவைகள் ஏரிக்கரை மேட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தன. ஈமு, தீக்கோழி, தலையில் கொம்புக் கவசம் கொண்ட காசோவரி, கோழி அளவே இருந்த கிவி. நான்கும் ஆண்கள். அடைகாப்பது அங்கே அப்பாக்களின் வேலை.

கோடையில் ஏரி வற்றி, தண்ணீர் தொலைவில் நடுக்குழியில் மட்டும் கிடந்தது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால், மற்ற மூவரும் அவருடைய முட்டைகளைக் காப்பார்கள்.

அங்கே சுற்றிவந்த நரிக்கு இந்த வழக்கம்தான் தொல்லை. ஒருமுறை முட்டை திருட வந்து, காசோவரியிடம் உதை வாங்கி ஒரு பல்லை இழந்திருந்தது.

"சேர்ந்திருந்தால் உதை விழும். பிரித்துவிட்டால் முட்டை கிடைக்கும்" என்று நரி நினைத்தது.

மேட்டில் யானைப் பறவையின் கால் எலும்பு ஒன்று கிடந்தது. அந்தப் பெரும்பறவை என்றோ அழிந்துபோன இனம். நரி அந்த எலும்பை நிமிர்த்தி நட்டது.

"தலைவரே!" என்று ஈமுவை அழைத்தது.

ஈமுவை அதுவரை யாரும் தலைவர் என்று அழைத்ததில்லை. அதன் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"கண்டவர் முட்டையெல்லாம் உங்கள் மேட்டில் கிடக்கிறதே! உங்கள் குலம் யார், அயலார் யார் என்று வகுக்க வேண்டாமா? இதோ உங்கள் முன்னோரின் எலும்பு. இந்த உயரம்கூட இல்லாதவன் உறவா?"

கிவி எட்டி எட்டி நின்று பார்த்தது. எலும்பில் பாதிதான் வந்தது.

"அண்ணா, யானைப் பறவைக்கு எங்களைவிட நெருங்கிய சொந்தம் யாருமில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்" என்றது.

தீக்கோழி விழுந்து விழுந்து சிரித்தது. "நீயா? அவர் தும்மியிருந்தால் நீ பறந்தே போயிருப்பாய்!"

கிவி தன் ஒரே முட்டையை உருட்டிக்கொண்டு, வறண்ட ஓடையைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் நரி கேட்டது: "தலைவரே, உங்கள் காலில் எத்தனை விரல்?"

"மூன்று."

"தீக்கோழிக்கு?"

ஈமு குனிந்து எண்ணியது. "அட, இரண்டுதான்!"

தீக்கோழியின் சிரிப்பு நின்றது. "நேற்றுவரை உன் முட்டைக்குக் காவல் இருந்தேனே, அப்போது எண்ணவில்லையா?"

"குலம் என்றால் ஓர் ஒழுங்கு வேண்டாமா?" என்று ஈமு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னது. தீக்கோழியும் தன் முட்டைகளோடு புதருக்குப் போனது.

மூன்றாம் நாள் காசோவரியின் முறை. அதற்கு விரலும் மூன்று. முட்டையும் ஈமுவின் முட்டை போலவே பச்சை. நரி சற்றுத் திணறியது.

"தலையில் என்ன கவசம்? முன்னோருக்கு அது இல்லையே!"

"இங்கே கிடப்பது கால் எலும்பு. தலையை நீ எங்கே பார்த்தாய்?" என்றது காசோவரி.

"பார்த்தீர்களா தலைவரே, எதிர்க்கேள்வி! குலத்தில் பிறந்தவன் இப்படிப் பேசுவானா?"

ஈமு தலையாட்டியது. காசோவரியும் தன் முட்டைகளோடு புதருக்குப் போனது.

இப்போது மேடு முழுவதும் ஈமுவின் குலம்தான். அந்தக் குலத்தில் ஈமு மட்டும்தான் இருந்தது.

மூன்று நாள் வெயில் காய்ந்தது. முட்டைகளை விட்டு நகர முடியாமல் ஈமுவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. நரி பக்கத்தில் வந்து படுத்தது.

"தாகமா தலைவரே? போய்க் குடித்துவிட்டு வாருங்கள். முட்டைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்!"

சொல்லும்போதே அதன் வாயில் எச்சில் ஊறி வழிந்தது. ஈமுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது? விரல் எண்ணித் தானே விரட்டிவிட்டவர்களையா? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் காலடியில் எட்டு முட்டைகள் இருந்தன.

"தம்பிகளா! ஓடி வாருங்கள்!" என்று கத்தியது.

புதரில் கிவி மூக்கை உயர்த்தியது. "நரி வாசனை! மேட்டில்தான்!"

"இருக்கட்டும். நாம்தான் அவருக்கு உறவில்லையே" என்றது தீக்கோழி.

"அண்ணா, நம்மை விரட்டியது அவர்தானே? அந்த முட்டைகள் விரட்டவில்லையே! இங்கே நான் காவல் இருக்கிறேன். நீங்கள் இருவரும் ஓடுங்கள்!"

தீக்கோழி புழுதி பறக்க ஓடியது. காசோவரி பின்னால் வந்து ஓர் உதை விட்டது. நரி மேட்டிலிருந்து உருண்டு, மிச்சமிருந்த பற்களை நாக்கால் தடவிக்கொண்டே காட்டைவிட்டு ஓடிப்போனது.

"முதலில் போய்க் குடித்துவிட்டு வா. திட்டுவதெல்லாம் பிறகு!" என்றது தீக்கோழி.

ஈமு வயிறு நிறையக் குடித்தது. ஈரம் சொட்டும் அலகோடு நேரே கிவியிடம் போனது.

"தம்பி, தப்பு என்மேல்தான். மேட்டுக்குத் திரும்பி வா."

"இங்கே நிழல் நன்றாக இருக்கிறது அண்ணா. நீங்கள்தான் வாருங்களேன்!"

ஈமு ஒரு கணம் யோசித்தது. பிறகு தன் எட்டு முட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புதருக்கு உருட்டி வந்தது. பொழுது சாயும்வரை ஆயிற்று. மற்ற மூவரும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். முறை வைத்துக் கேலியும் செய்தார்கள்.

உறவை ஒதுக்கக் காரணம் தேடுகிறவனுக்குக் காரணங்கள் தீருவதில்லை, உறவுதான் தீர்ந்துபோகும்.