ஏழாம் நிலையில் தெரிந்த கடல்

வெகு காலத்துக்கு முன்னால், கடற்கரையிலிருந்து ஒரு காத தூரத்தில் இருந்த நெய்தலூர் நாட்டை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தான். நினைத்தது மறுநாளே நடந்தாக வேண்டும் அவனுக்கு. ஒருநாள், ஒன்பது நிலைக் கோபுரம் ஒன்று வேண்டும் என்றான். வேலையை மேற்பார்க்க ஏகாம்பர ராயர் என்ற அதிகாரியை நியமித்தான்.

ராஜாவிடம் நல்ல பெயர் வாங்குவதே ராயரின் குறி. சீக்கிரம், சீக்கிரம் என்று ஆட்களை விரட்டினார். ஏறி நின்று வேலை செய்யும் மூங்கில் சாரத்துக்கு இற்றுப்போன கயிற்றையே திரும்பத் திரும்பக் கட்ட வைத்தார். ஏழாம் நிலை எழும்புவதற்குள் ஒன்பது பேர் விழுந்தார்கள். மூன்று பேர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் ஒருவனான மாடசாமி இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் கிடந்தான்.

அவன் மனைவி குருவம்மா அதே சாரத்தில் சுண்ணாம்புக் காரைச் சட்டி சுமந்தாள். பலகை ஆடும்போதெல்லாம் மூங்கிலைப் பற்றிக்கொள்வாள். ஆனால் உச்சிக்குப் போய் நிமிர்ந்தால், தூரத்தில் கடல் விரிந்து கிடக்கும். அந்த ஒரு கணம் தலையில் இருக்கும் சட்டியின் கனம்கூடத் தெரியாது.

விழுந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு ராஜா நேரில் வந்தான்.

"சாரம் இரும்பு மாதிரி இருக்கிறது மகாராஜா. இவர்கள்தான் பராக்குப் பார்த்துக்கொண்டு விழுகிறார்கள்" என்றார் ராயர்.

"அப்படியானால் இனி விழுகிறவன் குடும்பத்தை நாட்டைவிட்டே அனுப்பிவிடும்" என்றான் ராஜா.

குருவம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ராயரய்யா சொன்னது நெசந்தானுங்க ராசா. நாங்க பராக்குப் பாக்குறோம்."

கூட இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

"எதைப் பார்க்கிறீர்கள்?"

"கடலைங்க. தண்ணிக்குள்ளேருந்து சூரியன் எந்திரிச்சு வர்றதைக் கூலிக்காரங்க நாங்க தினம் பாக்குறோம். கோபுரம் கட்டுற ராசா இன்னும் பாக்கலையேன்னு மனசுக்குச் சங்கடமா இருக்குங்க."

ராஜாவின் முகம் மாறியது. "ராயரே, நாளை விடியும்போது நான் மேலே இருக்க வேண்டும்."

ராயர் சாரத்தின் கயிற்றை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "மகாராஜா, நாளைக்கு முகூர்த்தம் சரியில்லை. ஐந்து நாள் கழித்து அருமையான நாள் இருக்கிறது."

அந்த ஐந்து நாளில் சாரமே மாறிவிட்டது. பழைய கயிறு போய்ப் புதுக்கயிறு வந்தது. ஒற்றை மூங்கில் இரட்டையானது. பலகைகளின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பு ஏறியது. ராயரே ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். கொத்தனார்களும் சித்தாள்களும் வேலையை நிறுத்தவில்லை.

ஆறாம் நாள் விடியலில் குருவம்மா முன்னால் போக, ராஜா பின்னால் ஏறினான். ராயரும் வேறு வழியின்றி ஏறினார்.

உச்சியில் காற்று ராஜாவின் சால்வையைப் பிடுங்கியது. கிழக்கே, கரையே இல்லாதது போல் நீர் கிடந்தது. அதன் விளிம்பு சிவந்து, பொன்னாகி, உருகி வழிந்தது. அத்தனை பெரிய வெளிச்சத்தின் முன்னால் ராஜாவுக்குத் தன் கிரீடம் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு கீழே பார்த்தான். யானை ஒன்று எலி அளவில் நின்றது. கைப்பிடிக் கம்பை இறுக்கிப் பிடித்தான்.

"இந்தக் கம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்?"

"அஞ்சு நாளைக்கு முன்னால வரைக்கும் இல்லைங்க ராசா."

"இந்த ஐந்து நாளில் எத்தனை பேர் விழுந்தார்கள்?"

"ஒருத்தரும் இல்லைங்க. அதே ஆளுங்க, அதே கையும் காலும். கடலையும் தினம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

ராஜா ராயர் பக்கம் திரும்பினான். "என் உயிர் என்றதும் எல்லாம் செய்யத் தெரிந்திருக்கிறது உமக்கு."

ராயர் தலை குனிந்தார்.

"அவசரப்பட்டவன் நான். அந்தப் பழி எனக்கும் உண்டு" என்று ராஜா மெல்லச் சொன்னான். கீழே இறங்கியதும் எல்லோர் முன்னிலையிலும் ஆணையிட்டான். இறந்தவர் குடும்பங்களை அரண்மனை காப்பாற்றும். மாடசாமியை அரண்மனை வைத்தியர் பார்ப்பார். தினமும் காலையில் ராயர் சாரத்தில் ஏறி இறங்கிய பிறகே மற்றவர்கள் கால் வைப்பார்கள். சாரத்துக்கு இனி குருவம்மாதான் அதிகாரி. அவள் நிறுத்து என்றால் வேலை நிற்கும்.

ஐப்பசி மழையின்போது கோபுரத்தின் ஒன்பதாம் நிலை முடிந்தது. கலசம் இன்றைக்கே ஏற வேண்டும் என்று ராஜா பரிவாரத்தோடு வந்து நின்றான்.

குருவம்மா மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். "கயிறு நனைஞ்சு கிடக்கு ராசா. காயணும்."

ராஜா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். அவளையும் பார்த்தான். பிறகு பக்கத்தில் கிடந்த கருங்கல்லில் உட்கார்ந்தான்.

இரண்டு நாள் கழித்து வெயில் வந்து, கயிறு காய்ந்து, கலசம் ஏறியது. அதுவரை தினமும் அவன் வந்து, அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து காத்திருந்தான். அந்த ஊர் அப்படி ஒரு ராஜாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை.