நாற்பத்தேழு குறை வீடு

வெண்ணாற்றூர் அரசர் குமரவிசயரின் சபையில் நாவலப்பர் என்றொரு வாக்குச் சாமர்த்தியக்காரர் இருந்தார். ஊரையே பேச்சில் மடக்கும் அந்த மனிதர் வீட்டில் மட்டும் வாய் திறக்க மாட்டார். பதினோரு வருஷமாக முரசு அடிப்பவர் வீட்டுக்கு அடுத்த வாடகை வீட்டில் குடியிருந்தால் யாருக்குத்தான் குரல் எழும்பும்?

"தை பிறப்பதற்குள் சொந்த வீடு. இல்லையென்றால் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன்" என்று அவர் மனைவி அமுதவல்லி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

நாவலப்பர் அலையாய் அலைந்து, வயதான யானைப்பாகர் ஒருவரின் வீட்டைப் பேசி முடித்தார். ஐம்பத்துநான்கு வருஷத்து வீடு. நல்ல காற்று, நல்ல கிணறு, பக்கத்தில் முரசு இல்லை. பாக்கி இருந்தது ஒன்றுதான், அரசரின் முத்திரை. அதற்கு, வீடுகளைச் சோதிக்கும் அதிகாரியான மனைநோக்கி மாசிலாமணி வீட்டைப் பார்த்து ஓலை எழுத வேண்டும்.

இந்த மாசிலாமணி கெட்டவர் இல்லை, பயந்தவர். அவருக்கு முன்னால் மனைநோக்கியாக இருந்தவர் ஒரு வீட்டை 'நன்று' என்று எழுதினார். அடுத்த மழையில் அது உட்கார்ந்துவிட்டது. அவரைக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றி வரச் செய்தார்கள். 'பத்துக் குறைக்கு மேல் உள்ள எந்தக் கட்டடத்திலும் என் நாட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது' என்று அரசரும் ஆணை போட்டார். அன்று முதல் மாசிலாமணியின் ஓலையில் 'நன்று' என்ற சொல்லே கிடையாது. கண்ணில் பட்டதெல்லாம் குறைதான்.

நாவலப்பர் வீட்டு ஓலை சபைக்கு வந்தது. அரசர் ரசித்து ரசித்து வாசித்தார்.

"பன்னிரண்டாவது குறை, மழை பெய்தால் முற்றம் நனைகிறது. பதின்மூன்று, கதவைத் திறந்தால் காற்று வருகிறது. இருபது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடடா, மொத்தம் நாற்பத்தேழு. நாவலப்பரே, இதை வாங்கிக் கோழிக்கூடு வைக்கப் போகிறீரா?"

சபை சிரித்தது. நாவலப்பர் சிரிக்கவில்லை. அமுதவல்லி துணிமணிகளை மூட்டை கட்டும் காட்சி அவர் கண்முன் வந்து நின்றது.

"முத்திரை கிடையாது. ஆணை என்றால் ஆணை" என்றார் அரசர்.

"ஒரே ஒரு வேண்டுகோள், பிரபு. மனைநோக்கியார் அதே கண்ணால் இன்னொரு பழைய கட்டடத்தையும் பார்த்து ஓலை எழுத வேண்டும். என் வீட்டைவிட நாலு வருஷம் மூத்தது."

"பார்க்கட்டுமே. எங்கே இருக்கிறது?"

"சிம்மாசனத்தில் இருக்கிறது, பிரபு."

எல்லார் பார்வையும் அரசர் மேல் திரும்பியது. அரசர் மீசைக்குள் சிரித்தார். "எழுதும், மாசிலாமணி. ஒன்றையும் விடக் கூடாது."

மாசிலாமணி இரண்டடி பின்வாங்கினார். ஆனால் எழுத்தாணி கைக்கு வந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. அரசரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். முழங்காலைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். எழுதி முடித்து வாசித்தார்.

"உச்சியில் முடி இல்லை. முன்வரிசைப் பல்லில் இரண்டைக் காணோம். வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது. எழுந்தால் வலது முழங்கால் சத்தம் போடுகிறது. பனிக்காலத்தில் மூக்கு ஒழுகும் தடயம்..." இப்படியே போய் ஐம்பத்திரண்டில் நின்றார்.

"யானைப்பாகர் வீட்டையே தோற்கடித்துவிட்டேனா?" என்றார் அரசர்.

நாவலப்பர் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "ஐயா, இந்த ஐம்பத்திரண்டில் ஆளைச் சாய்க்கும் குறை எது?"

"சிவசிவா, ஒன்றுமில்லை. எல்லாம் வயசுக்கு வருகிற கோளாறு."

"என் வீட்டு நாற்பத்தேழில்?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "வடக்கு மூலை உத்தரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. அது ஒன்றை மாற்றினால் உங்கள் பேரன் காலத்துக்கும் நிற்கும்."

"பின்னே அதைச் சொல்வதுதானே?" என்றார் அரசர்.

"முப்பத்தோராவதாக எழுதியிருக்கிறேன், பிரபு. ஆனால் 'நிற்கும்' என்று எழுத மட்டும் கை வராது. எழுதினால் கழுதை ஞாபகம் வருகிறது."

அரசருக்கு மனம் இளகியது. இருந்தாலும் தலையை ஆட்டினார். "வேண்டியவருக்காக ஆணையை வளைத்தால் ஊர் என்ன பேசும்? பத்துக்கு மேல் என்றால் குடியிருக்கக் கூடாதுதான்."

"நியாயம், பிரபு. எல்லாருக்கும் ஒரே ஆணை" என்று நாவலப்பர் கைகூப்பினார். "அப்படியென்றால் ஐம்பத்திரண்டு குறையை நம்பி மகாராணியார் இனி ஒரு நாளும் இருக்கக் கூடாது. அவர்களுக்கு இன்றே வேறு ஜாகை பார்க்கட்டுமா?"

அரசர் பக்கத்தில் அமர்ந்திருந்த மகாராணியை எல்லாரும் பார்த்தார்கள். அரசரும்தான், கொஞ்சம் கவலையோடு.

மகாராணி வெற்றிலையை நிதானமாக மடித்தாள். "முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். சத்தம்தான் அதிகம். விழாது" என்றாள்.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே முத்திரையை வைத்தார். அரண்மனைக் கிடங்கிலிருந்து ஒரு தேக்கு உத்தரம் கொடுக்கச் சொன்னார். விழுமா நிற்குமா என்பதை முதல் வரியில் எழுத வேண்டும், மெய்யாகப் பார்த்து எழுதியவருக்குக் கழுதை கிடையாது என்று ஆணையையும் மாற்றினார். சொல்லி முடித்து மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பில் வயிறு குலுங்கி, இடுப்புக் கச்சை நழுவியது.

மாசிலாமணியின் கை தானாக எழுத்தாணியை எடுத்தது.

நாவலப்பர் அதைப் பிடுங்கி அரசர் கையில் கொடுத்தார். "நான் குடிபோகிற வரைக்கும் இது தங்களிடமே இருக்கட்டும், பிரபு."