ஆதன் கஞ்சி வேண்டாம் என்ற நாள்

ரேவத அடிகளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லமாட்டார். திருப்பி ஒன்று கேட்பார். புத்த விகாரையில் எல்லாருக்கும் அது பழகிப்போயிருந்தது. ஆனால் அந்தப் பௌர்ணமிக் காலையில் வந்து நின்ற சீடன் சுமனனுக்கு அதைத் தாங்கும் தெம்பில்லை.

மழை விட்டபாடில்லை. உப்பளம் முழுக்கத் தண்ணீர். பிக்குகளின் காவித் துவராடை ஒன்றுகூடக் காயவில்லை.

"அடிகளே, ஒருவன் கருணையினால் ஒரு சொல் சொல்கிறான். அது குற்றமாகுமா?"

"நீ என்ன சொன்னாய்?"

"நான் என்று சொல்லவில்லையே."

"சரி. அந்த ஒருவன் என்ன சொன்னான்?"

சுமனன் எல்லாவற்றையும் சொன்னான்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஆதனுக்கு முதுகில் பிளவை கண்டிருந்தது. இரண்டு மாதமாகக் குப்புறப் படுத்தே கிடந்தான். சுமனன் தினமும் போனான். சீழைத் துடைத்தான், ஈயை ஓட்டினான், கஞ்சி ஊட்டினான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்வானா என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். செய்வது சந்தேகம்தான். அந்த அறையில் மூக்கைப் பிடிக்காமல் யாராலும் நிற்க முடியவில்லை.

"வலி பொறுக்காமல் கத்துவார், அடிகளே. ஒருநாள் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. 'நீங்கள் தானம் செய்தவர், பொய் பேசாதவர். உங்களுக்கு நல்ல பிறவி காத்திருக்கிறது. இந்த அழுகின உடம்பைப் பிடித்துக்கொண்டு ஏன் அவஸ்தைப்படுகிறீர்கள்? விட்டுவிடுங்கள்' என்றேன்."

"விட்டாரா?"

"அன்றைக்கே கஞ்சி வேண்டாம் என்றார். நாலாம் நாள் போய்விட்டார்."



சுமனன் எதற்குப் பயந்தான் என்பதைச் சொல்லவேண்டும். பிக்குகளின் விதிகளில் நான்கு தலையானவை. அவற்றில் ஒன்றை மீறினாலும் துவராடையைக் கழற்ற வேண்டியதுதான், வாழ்நாளில் மறுபடி உடுத்த முடியாது. மனித உயிரை எடுக்காதே என்பது அவற்றில் ஒன்று. கத்தியால் குத்துவது மட்டும் அதில் வராது. சாவை நல்லதென்று பேசி ஒருவனைச் சாகவைப்பதும் வரும்.

பௌர்ணமிதோறும் பிக்குகள் கூடுவார்கள். மூத்தவர் விதிகளை ஓதிவிட்டு, "இவற்றில் தூய்மையாக இருக்கிறீர்களா?" என்று மூன்று முறை கேட்பார். யாரும் வாய் திறக்கவில்லையென்றால் எல்லாரும் தூய்மை என்று பொருள். அன்று மாலை ஓத வேண்டியவர் ரேவதர்.

சுமனனுக்கு இருபத்தொன்பது வயது. ஒன்பது வருடமாகத் துவராடையில் இருப்பவன். அதைக் கழற்றினால் போக ஒரு வீடு கிடையாது. ஆதன் செத்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"வா, ஆதன் வீட்டுக்குப் போய்விட்டு வருவோம்" என்றார் ரேவதர்.

ஆதனின் மனைவி வெண்ணி ஓடிவந்து காலில் விழுந்தாள். உள்ளே ஒரு வாலிபன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் வீங்கியிருந்தது.

"எம் மவன் கொற்றன், சாமி. ஈழத்துக்குப் போன தோணி நேத்துதான் கரைக்கு வந்துச்சு" என்றாள்.

கொற்றன் எழுந்து சுமனனைக் கும்பிட்டான். "நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கிட்டீங்களாம். கடைசில அப்பா என்னைக் கேட்டாரா, சாமி?"

வெண்ணி முந்திக்கொண்டாள்.

"கேக்காம இருப்பாரா? எந்நேரமும் உன் பேச்சுதான். 'எம் மவன் தோணி வர்ற வரைக்கும் உசுரைப் பிடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்'னு சொல்லிச் சொல்லித்தான் கஞ்சி குடிச்சாரு. அப்புறம் இந்தச் சாமிதான் பக்குவமாப் பேசி அந்த ஆசைய விட வச்சாரு. எவ்வளவு நல்ல மனசு. எனக்கு அப்படிப் பேச வருமா?"

அவள் குத்திக்காட்டவில்லை. மனசார நன்றி சொன்னாள்.

"ஆறு நாள், சாமி. ஆறு நாளைக்கு முந்திக் காத்து திரும்பியிருந்தா நான் வந்து மூஞ்சியப் பாத்திருப்பேன்" என்றான் கொற்றன். "இந்த வருசம் காத்து எங்களைக் கெடுத்துடுச்சு."

அவன் காற்றைத்தான் நொந்துகொண்டான். வேறு யாரையும் நோக அவனுக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சேறு. ரேவதர் முன்னால் நடந்தார்.

"மகனுக்காகக் காத்திருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். தினமும் சொல்வார். அதுதான் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது, அதை அறுத்துவிட்டால் வலி தீரும் என்று நினைத்தேன். பற்றை விடு என்றுதானே நாம் எல்லாருக்கும் சொல்கிறோம்?"

"கஞ்சியை விட்டால் போய்விடுவார் என்பதும் தெரியுமா?"

சுமனன் நின்றுவிட்டான். மழை அவன் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும். போகட்டும் என்றுதான் நினைத்தேன்."

ரேவதர் திரும்பிப் பார்க்கவில்லை. சுமனன் பின்னாலேயே ஓடினான்.

"மாலையில் நான் பேசாமல் இருந்துவிட்டால்?"

"எல்லாரும் தூய்மை என்று சொல்லிவிட்டு அடுத்ததை ஓதுவேன். வழக்கம் அதுதானே."

"உங்களுக்குத்தான் தெரிந்துவிட்டதே."

"ஆமாம். இரண்டு பேரும் பொய்யர்கள் ஆவோம். நான் கிழவன், ரொம்ப நாள் சுமக்க வேண்டியிருக்காது. உனக்குத்தான் வயசு நிறையக் கிடக்கிறது."

பொழுது சாய்வதற்குள் பிக்குகள் கூடினார்கள். ரேவதர் ஓதினார். நான்கு விதிகளும் முடிந்தன.

"இவற்றில் தூய்மையாக இருக்கிறீர்களா?"

யாரும் பேசவில்லை.

"இரண்டாம் முறை கேட்கிறேன். தூய்மையாக இருக்கிறீர்களா?"

யாரோ இருமினார்கள்.

"மூன்றாம் முறை கேட்கிறேன்."

சுமனன் எழுந்துவிட்டான். "நான் தூய்மையாக இல்லை" என்றான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். கஞ்சியைப் பற்றியும் சொன்னான், தோணியைப் பற்றியும் சொன்னான். ஒருவரும் அவனைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

துவராடையை மடித்து வைத்துவிட்டு, கொடுத்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டான். வாசல்வரை ரேவதர் கூட வந்தார்.

"எங்கே போவாய்?"

"கொற்றனிடம். காற்று ஒன்றும் கெடுக்கவில்லை என்று அவனுக்குச் சொல்லவேண்டும். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்."

"அப்புறம்?"

"தெரியவில்லை."

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப்பிள்ளையைப் போலத் தேம்பினான்.

"ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அடிகளே. எனக்கு அவர்மேல் கருணை இருந்ததா, இல்லையா?"

"இருந்தது" என்றார் ரேவதர். "இல்லாதவன் சொல்லியிருந்தால் ஆதன் கேட்டிருக்கமாட்டார். மகன் வரும்வரை கஞ்சி குடித்திருப்பார்."